சம்மன் கொண்டு வருபவரின் பெயரும் செய்தியில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர் ஒன்றில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். பேப்பர் வந்ததும் முதலில் தேடுவது நீதிமன்றச் செய்திகளைத்தான். நீதிபதிகள் மாறுதல் என்றால் யார் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகிறார் என்று பட்டியலே போடுகிறீர்கள், வழக்கறிஞர் சங்கத் தேர்தல் முடிந்தால் ஜெயித்தவர்கள் மாலையோடு நிற்கும் படம் வருகிறது, லோக் அதாலத் நடந்தால் எத்தனை வழக்கு முடிந்தது, எவ்வளவு தொகைக்குச் சமரசம் ஆனது என்று கணக்கோடு வருகிறது. எல்லாமே வர வேண்டிய செய்திதான். ஆனால் அதே கட்டடத்துக்குள் கோர்ட் கூடும் முன்பே வந்து, கோர்ட் கலைந்த பிறகும் உட்கார்ந்து வேலை பார்க்கிற, அலுவலகத்தை நடத்தும் சிரஸ்தார், தலைமை எழுத்தர், பெஞ்ச் கிளார்க், டைப்பிஸ்ட், நகல் பிரிவுக்காரர்கள், ஜப்தி போன்ற உத்தரவுகளை நிறைவேற்றும் அமீனா, சம்மன் கொண்டு போகும் பிராசஸ் சர்வர், வழக்குக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடும் டபேதார், அலுவலக உதவியாளர், இரவுக் காவலர் இவர்களைப் பற்றி நல்லவிதமாக ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை. யாராவது லஞ்சம் வாங்கிப் பிடிபட்டால் மட்டும் பெரிய எழுத்தில் வருகிறது.

நான் கேட்பது இதுதான். நீதிமன்ற ஊழியர்களின் பணி நிறைவு, பதவி உயர்வு, மாறுதல், நல்ல வேலைக்கான பாராட்டு, இதற்கெல்லாம் மாவட்டப் பக்கத்தில் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், சென்ற மாதக் கடைசி நாளில் எங்கள் நீதிமன்றத்தில் ஒரு பிராசஸ் சர்வர் ஓய்வு பெற்றார். ஊரில் அவரையும் அமீனா என்றுதான் சொல்வார்கள், அமீனா வேறு பிராசஸ் சர்வர் வேறு என்பது உள்ளே இருக்கிற எங்களுக்குத்தான் தெரியும், பையில் கோர்ட் காகிதத்தோடு வாசலில் வந்து நிற்கிற எல்லாருமே ஜனங்களுக்கு அமீனாதான். சாயங்காலம் கோர்ட் முடிந்ததும் அலுவலக அறையில் மேசைகளை ஒதுக்கிப் போட்டு ஒரு சின்னக் கூட்டம் நடந்தது. சிரஸ்தார் சால்வை போர்த்தினார், நீதிபதி வந்து நாலு நல்ல வார்த்தை பேசினார், நகல் பிரிவில் எல்லாரும் பணம் போட்டு வாங்கிய கைக்கடிகாரத்தைக் கொடுத்தார்கள், கேசரியும் மிக்சரும் சாப்பிட்டோம். பிறகு அந்த அண்ணன் தன் பையிலிருந்து கொடுபடாமல் மிச்சமிருந்த சம்மன்களை எடுத்து, ஒவ்வொன்றாக நாசரிடம், அதாவது சம்மன் பிரிவைப் பார்க்கும் அலுவலரிடம், சொல்லி ஒப்படைத்தார். இந்த ஆள் சாயல்குடியில் மகள் வீட்டில் இருக்கிறார், இவர் வீட்டில் சாயங்காலம்தான் ஆள் இருக்கும், இந்த முகவரி தப்பு, பழைய தெருப்பேர், இப்போது அந்தத் தெரு கிடையாது என்று. ஓய்வு பெற்றுப் போகிற அன்றைக்கும் அடுத்து வருகிறவர் அலையக் கூடாது என்று நினைத்த ஆள் அவர். அதே வாரம் வேறு ஒரு ஊரில் மாறுதலாகிப் போன நீதிபதிக்கு நடந்த பிரிவு உபசார விழா உங்கள் பத்திரிகையில் படத்தோடு வந்திருந்தது. வரட்டும், நல்ல நீதிபதிதான், எனக்கு அதில் வருத்தமே இல்லை. அதற்குக் கீழே இவருக்கும் இரண்டு வரி இருந்திருந்தால் அவருடைய பேரப்பிள்ளைகள் அதை வெட்டி ஒட்டி வைத்திருப்பார்கள்.

அப்படி என்ன பெரிய வேலை, சம்மன் கொடுப்பதுதானே என்று யாராவது கேட்கலாம். ஒரு சிவில் வழக்கில் எதிராளிக்குக் கடிகாரம் ஓட ஆரம்பிப்பது சம்மன் அவர் கைக்குப் போகிற அன்றுதான். அன்றிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை, அதாவது எழுத்து மூலமான பதில், போட வேண்டும், நீதிமன்றம் மனசு வைத்து நீட்டினாலும் 90 நாள் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. சம்மன் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை, ஆனால் சேர்ந்துவிட்டதாகத் திரும்பி வந்துவிட்டது என்று வையுங்கள், எதிராளிக்குத் தெரியாமலே வழக்கு எக்ஸ்பார்ட்டி ஆகி, அதாவது அவர் இல்லாமலே விசாரணை முடிந்து, டிகிரி (தீர்ப்பாணை) ஆகி, நிறைவேற்று மனுவும் போட்டு, கடைசியில் வீட்டுக்கு ஜப்தி வருகிற அன்றைக்குத்தான் தன் மேல் ஒரு வழக்கு இருப்பதே அந்த மனிதருக்குத் தெரிய வரும். அப்புறம் டிகிரியை ரத்து செய்யக் கோரி மனு, தாமதத்தை மன்னிக்கக் கோரி மனு, அதற்கு எதிருரை, வாய்தா மேல் வாய்தா. இப்படி வருஷக் கணக்கில் அலைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அத்தனைக்கும் ஆரம்பம் ஒரு ஆள் ஒரு நாள் சோம்பல்பட்டதுதான்.

எங்கள் கரையில் ஆளைப் பார்த்துக் கையில் கொடுப்பது லேசான காரியம் கிடையாது. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. புதன்கிழமை போய் விசைப்படகுக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினால் அவர் கடலில் இருப்பார், வியாழக்கிழமை காலையில் போனால் கரைக்கு வந்து மீனை இறக்கி விற்றுவிட்டு அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருப்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் ஊரில்தான் இருப்பார்கள், ஆனால் நடுவில் மே மாதம் சிவில் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை. ஆக ஏப்ரல் கடைசியும் ஜூன் தொடக்கமும்தான் தோது. இதெல்லாம் எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை, அந்த அண்ணன் மனசுக்குள் வைத்திருந்த காலண்டர் இது. எந்தக் கிராமத்துச் சம்மனை எந்தக் கிழமை எடுத்துக்கொண்டு போவது என்று காலையிலேயே பிரித்து அடுக்கி வைத்துக்கொள்வார்.

பெயர்ச் சிக்கல் வேறு. தங்கச்சிமடம் பக்கம் ஒரே தெருவில் நாலு அந்தோணி இருப்பார்கள், பெரியபட்டினம், கீழக்கரைப் பக்கம் போனால் ஒரே பெயரில் அப்பாவும் பெரியப்பா மகனும் இருப்பார்கள், பிராதில் (வாதி போட்ட வழக்கு மனுவில்) இருக்கிற பெயரை ஊரில் யாருக்கும் தெரியாது, பட்டப்பெயரைச் சொன்னால்தான் கை காட்டுவார்கள். படகு பெயர், குடும்பப் பெயர், யார் மருமகன் என்று விசாரித்து, சரியான ஆள்தானா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். தப்பான அந்தோணியிடம் கொடுத்துவிட்டால் வழக்கே கோணலாகிவிடும்.

இன்னொன்று. ஆள் வீட்டில் இல்லையென்றால் கூட இருக்கிற, வயது வந்த குடும்பத்தாரிடம் கொடுக்கலாம் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் உண்டு. ஆனால் 1976ல் திருத்தம் வரும்வரை அது ஆண்களுக்கு மட்டும்தான், வீட்டிலிருக்கும் மனைவியிடமோ தாயிடமோ கொடுத்தால் செல்லாது. ஆண்கள் எல்லாம் கடலுக்குப் போன ஒரு மீனவக் கிராமத்தில் அந்தக் காலத்து அமீனாக்கள் எப்படித் திண்டாடியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆணோ பெண்ணோ யாரிடமும் கொடுக்கலாம் என்று திருத்திய பிறகுதான் எங்கள் பக்கம் சம்மன் ஒழுங்காகப் போக ஆரம்பித்தது என்று மூத்த குமாஸ்தாக்கள் சொல்வார்கள்.

அந்தத் திருத்தம் காகிதத்தில் ஒரு வரி, நேரில் எப்படி இருக்கும் என்பதை நான் ஒரு தடவை பார்த்தேன். புரோநோட்டு வழக்கு ஒன்று, நாங்கள் வாதி தரப்பு, முகவரி அடையாளம் காட்ட நானும் அந்த அண்ணனோடு போயிருந்தேன். கணவர் கடலுக்குப் போயிருந்தார், வாசலில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்த மனைவி கோர்ட் காகிதம் என்றதும் கை நடுங்கி எழுந்து நின்றுவிட்டார். கொடுத்துவிட்டுக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு வந்தாலே சட்டப்படி வேலை முடிந்தது. இவர் திண்ணையில் உட்கார்ந்து, "தாயி, பயப்படாத, இது போலீஸ் இல்ல, ஒன் வீட்டுக்காரர யாரும் புடிச்சிட்டுப் போகமாட்டாக. இந்தத் தேதியில கோர்ட்டுக்கு வரணும், அம்புட்டுத்தான். வக்கீல் வைக்கக் காசில்லன்னா கோர்ட்டுலயே இலவசமா வக்கீல் வச்சுக் குடுப்பாக, கேட்டு வா" என்று நிதானமாகச் சொல்லி, தேதியைக் காலண்டரில் சுழித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார். நாங்கள் எதிர்த்தரப்பு, எங்கள் கட்சிக்காரருக்கு அவர் வராமல் எக்ஸ்பார்ட்டி ஆவதுதான் சௌகரியம். இருந்தும் சொல்கிறேன், அந்த மீனவர் சொன்ன தேதிக்கு வந்தார், சட்டப்பணிகள் குழு மூலம் வக்கீல் வைத்துக்கொண்டார், லோக் அதாலத்தில் தவணை பேசி வழக்கு முடிந்தது, எங்கள் கட்சிக்காரருக்கும் பணம் வந்து சேர்ந்தது. அந்த வழக்குக்கு உருப்படியான முடிவு கிடைத்தது அந்தத் திண்ணையில் என்பதுதான் என் அபிப்பிராயம். ஆனால் வழக்குக் காகிதக் கட்டுக்குள் அவர் பங்காக இருப்பது சம்மனின் பின்பக்கம் எழுதிய இரண்டு வரிக் குறிப்பும் ஒரு கையெழுத்தும் மட்டும்தான்.

அந்தக் குறிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆள் வாங்க மறுத்தால், அல்லது தேடியும் அகப்படாவிட்டால், வீட்டு வாசல் கதவில் ஒட்டிவிட்டு, எப்போது ஒட்டினேன், எந்தச் சூழ்நிலையில் ஒட்டினேன், வீட்டை அடையாளம் காட்டியது யார், பார்த்த சாட்சி யார் என்று எழுதித் திருப்ப வேண்டும். இதில்தான் ஒருவரின் நாணயம் தெரியும். டீக்கடையில் உட்கார்ந்துகொண்டே 'கதவில் ஒட்டினேன்' என்று எழுதலாம், யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? இப்போது என்ஸ்டெப் என்று செல்போன் செயலி கொடுத்து இடமும் நேரமும் படமும் பதிவாகிறபடி செய்திருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் அந்த அண்ணன் பணிக்காலத்தில் பெரும்பகுதி இந்தச் செயலியே கிடையாது, அவரைக் கண்காணிக்க யாருமே இல்லாத கிராமங்களில் அவர் ஒழுங்காக நடந்துகொண்டார். அவர் எழுதிய குறிப்பைப் பொய் என்று கூண்டில் யாராவது நிரூபித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அவர் எழுதியிருந்தால் அது நடந்தது என்று இரண்டு தரப்பு வக்கீல்களும் எடுத்துக்கொள்வார்கள்.

ஒருவரைப் பற்றியே எழுதிக்கொண்டு போகிறேன், மற்றவர்களையும் சொல்ல வேண்டும். நகல் பிரிவு என்று ஒரு அறை இருக்கிறது, பொதுஜனம் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்திருப்பார்கள். தீர்ப்பு நகல் வாங்க மனுப்போட்டு, நாலு தடவை வந்து கேட்டு, சலித்துக்கொண்டு போவார்கள். உள்ளே நடப்பது இது: நகல் தயாரானதும் ஒருவர் மூலத்தை வாய்விட்டு வாசிப்பார், இன்னொருவர் நகலைக் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்ப்பார். வாசிப்பவருக்கு ரீடர் என்று பெயர், ஒப்பிடுபவர் எக்ஸாமினர். மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, சர்வே எண், உட்பிரிவு, நான்கு மால் (நான்கு பக்க எல்லை), அடி கணக்கு, கிழமேல், தென்வடல் என்று நாள் முழுக்க வாசித்துத் தொண்டை கட்டிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். உட்பிரிவில் 'ஏ' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'பி' என்று விழுந்துவிட்டால் முடிந்தது, டிகிரி பக்கத்து வீட்டுக்காரன் இடத்தைக் காட்டும், திருத்தத்துக்குத் தனி மனு போட வேண்டும், அதற்குள் எதிராளி வேலியைத் தள்ளிப் போட்டிருப்பான். எங்கள் நீதிமன்ற எக்ஸாமினர் ஒரு அம்மா, அவர் அப்படி ஒரு பிழையைக் கண்டுபிடித்துப் பேனாவால் வட்டம் போட்டபோது நான் அந்த ஜன்னலில்தான் நின்றுகொண்டிருந்தேன். மனுதாரரோ அவசரம் அவசரம் என்று கத்திக்கொண்டிருந்தார். திட்டு வாங்கிக்கொண்டே அவர் அந்தப் பக்கத்தைத் திரும்ப டைப் அடிக்கக் கொடுத்தார். கத்தியவருக்கு இன்றைக்கும் அது தெரியாது.

நகலின் பின்பக்கம் முத்திரை குத்தி வரிசையாகத் தேதிகள் போடுகிறார்களே, மனுப்போட்ட நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள் என்று, அதைச் சடங்கு என்று நினைக்க வேண்டாம். மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள், அதில் நகல் வாங்கப் பிடித்த நாட்களைக் கழித்துக்கொள்ளக் காலவரையறைச் சட்டத்தின் 12வது பிரிவு இடம் கொடுக்கிறது. எந்த நாட்களைக் கழிப்பது என்று அந்தப் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் கணக்குப் போடுவோம். ஒரு தேதி தப்பினால் ஒருவருடைய அப்பீல் உரிமையே போய்விடும்.

ரெக்கார்ட் ரூம் இன்னொரு உலகம். கடல் காற்றில் இரும்பு ரேக்கே துருப்பிடித்து உதிரும், காகிதம் எம்மாத்திரம். வாடைக் காலத்து மழையில் சுவர் ஓதம் ஏறினால் கட்டுகளை எல்லாம் நகர்த்தி, வெயில் வந்ததும் காற்றாட வைத்துத் திரும்ப எண் வாரியாக அடுக்க வேண்டும். எங்கள் மாவட்ட நீதிமன்றமே வெகுகாலம் மதுரையில் இருந்துகொண்டுதான் ராமநாதபுரத்தைப் பார்த்துக்கொண்டது, 1985ல் மாவட்டம் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என்று மூன்றானது. இத்தனை இடமாற்றத்துக்கும் பிறகு ஒரு பாகப்பிரிவினை வழக்கின் பழைய டிகிரி வேண்டும் என்று மனுப்போட்டால் தூசி தட்டி எடுத்துக் கொடுக்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் வரிசையாகப் பல கைகள் இருந்திருக்கின்றன.

எங்கள் சீமைக்கு இதில் பெரிய சரித்திரமே உண்டு. சேதுபதி சமஸ்தானத்து ராணி பர்வதவர்த்தினி தத்தெடுத்தது செல்லுமா செல்லாதா என்று கலெக்டர் எதிர்த்து நடந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1868ல் தீர்ப்பானது. கணவர் அனுமதி கொடுக்காமல் இறந்திருந்தாலும் பங்காளிகள் சம்மதத்தோடு விதவை தத்தெடுப்பது திராவிட நாட்டில் செல்லும், தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதி வைத்த சாஸ்திரத்துக்கும் மேலே நிற்கும் என்று சொன்ன தீர்ப்பு அது, இன்றைக்கும் சட்டக் கல்லூரியில் ராமநாதபுரம் வழக்கு என்று பாடம் நடத்துகிறார்கள். டைப்ரைட்டர் கூட இல்லாத காலத்தில், அந்த வழக்கின் வாக்குமூலங்களையும் ஆவணங்களையும் எத்தனை எழுத்தர்கள் உட்கார்ந்து கையால் பிரதி எடுத்திருப்பார்கள்! ராணியின் பெயர் இருக்கிறது, கலெக்டர் கட்சிக்காரராக இருக்கிறார், எழுதிக் கை ஓய்ந்த அந்த எழுத்தர்களில் ஒருவர் பெயர் நமக்குத் தெரியாது. போனது போகட்டும், இப்போது இருப்பவர்கள் பெயரையாவது எழுதலாம் இல்லையா.

டபேதார், பெஞ்ச் கிளார்க் பற்றியெல்லாம் எழுதினால் கடிதம் நீளும். ஒன்று மட்டும் சொல்கிறேன், வழக்கு கூப்பிடும்போது மூன்று முறை பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்பது வழக்கம், வராந்தாவில் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடிவருகிற ஒரு கிழவியைப் பார்த்துவிட்டு மூன்றாவது அழைப்பை நிதானமாக, நீளமாகக் கூப்பிடுகிற டபேதாரை எங்களுக்குத் தெரியும். பாம்பன் ரயில் பாலம் 2022 டிசம்பரில் மூடப்பட்டு 2025 ஏப்ரல் 6ல் புதுப்பாலம் திறக்கும்வரை, தீவுப் பக்கமிருந்து ரயிலில் வந்துபோனவர்கள் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார்கள், அவர்களில் கோர்ட் ஊழியர்களும் உண்டு. தேசிய லோக் அதாலத் சனிக்கிழமையில் நடக்கிறது, அதற்கு வாரக்கணக்கில் நோட்டீஸ் தயாரித்து அனுப்பியவர்கள் அன்றும் விடுமுறை இல்லாமல் வருகிறார்கள், பத்திரிகைப் படத்தில் அவர்கள் பின்வரிசையில் கூட இருப்பதில்லை.

ஏன் இவர்களுக்குப் பாராட்டு கிடைப்பதில்லை என்று யோசித்தால் ஒரு காரணம் தெளிவாகத் தெரிகிறது. ஆகஸ்ட் 15க்கும் ஜனவரி 26க்கும் மாவட்ட ஆட்சியர் கொடியேற்றிவிட்டு, சிறப்பாகப் பணியாற்றிய அரசு ஊழியர்களுக்கு நற்சான்றிதழ் கொடுக்கிறார். வருவாய்த்துறை, காவல்துறை, சுகாதாரத்துறை என்று வரிசையாக வாங்குகிறார்கள், மறுநாள் பெயரோடு செய்தி வருகிறது. நீதிமன்ற ஊழியர்கள் ஆட்சியரின் கீழ் வருவதில்லை. கீழமை நீதிமன்றங்கள் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் என்று அரசியலமைப்பின் 235வது பிரிவு சொல்கிறது, நிர்வாகத்திலிருந்து நீதித்துறை விலகி நிற்க வேண்டும், அதுதான் முறை. ஆனால் அந்த விலகலில் கடைநிலை ஊழியருக்குக் கிடைக்க வேண்டிய ஒரு கைதட்டலும் விட்டுப்போகிறது. அதே இரண்டு நாளும் நீதிமன்ற வளாகத்திலும் கொடியேற்றுகிறார்கள், மிட்டாய் கொடுக்கிறார்கள், அங்கேயே இரண்டு மூன்று ஊழியர்களைக் கூப்பிட்டு ஒரு சான்றிதழ் கொடுத்தால் என்ன? இதை மாவட்ட நீதித்துறை நிர்வாகம் யோசிக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். எத்தனை சம்மன் கொடுத்தார், எத்தனை நகல் அடித்தார் என்ற எண்ணிக்கையை வைத்துக் கொடுத்தால் விபரீதமாகிவிடும், எண்ணிக்கையைக் காட்ட எல்லாக் கதவிலும் ஒட்டிவிட்டு வந்துவிடுவார்கள். வக்கீல்களும் எங்களைப் போன்ற குமாஸ்தாக்களும் சொல்கிற பெயரை மட்டும் எடுத்தாலும் தப்பு, எங்கள் காரியத்தைச் சீக்கிரம் முடித்துக் கொடுப்பவர்தான் எங்களுக்கு நல்லவராகத் தெரிவார். கூட வேலை பார்ப்பவர்களே சொல்லட்டும். யார் மற்றவர் லீவு போட்ட அன்று அவர் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறார், யார் பிழையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விடுவதில்லை என்பது பக்கத்து மேசைக்காரருக்குத்தான் தெரியும்.

கோர்ட்டில் காசு கொடுக்காமல் காகிதம் நகருமா, இவர்களுக்குப் பாராட்டு வேறா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அந்தக் கோபம் நியாயமானது, காசு கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. நகல் கட்டணத்துக்கு மேலே ஒரு ரூபாய் வாங்காதவர்களும், பேட்டா போதாமல் தன் கைக்காசில் பெட்ரோல் போட்டுக்கொண்டு மூக்கையூர், வாலிநோக்கம் என்று போகிறவர்களும் அதே அறையில்தான் இருக்கிறார்கள். பிடிபட்டவர் பெயர் மட்டும் பேப்பரில் வந்துகொண்டிருந்தால் இவர்களையும் சேர்த்துத்தான் ஊர் ஏசும். நேர்மையாக இருந்தவருக்கு ஊருக்குள் ஒரு பெயர் கிடைக்கிறது என்று தெரிந்தால், புதிதாக வருகிறவருக்கு எந்தப் பக்கம் நிற்பது என்பதில் குழப்பம் இருக்காது.

புதிதாக நிறையப் பேர் வருகிறார்கள், அதனால்தான் இதை அவசரம் என்கிறேன். 2024ல் உயர் நீதிமன்றம் மாவட்ட நீதிமன்றங்களுக்காக 2,329 பணியிடங்களுக்கு விண்ணப்பம் கேட்டது, எக்ஸாமினர், ரீடர், பெய்லிஃப் (அமீனா), பிராசஸ் சர்வர், அலுவலக உதவியாளர் எல்லாம் அதில் உண்டு. பட்டம் படித்த பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். எனக்குத் தெரிந்த சிலர் வந்த நாளிலிருந்தே அடுத்த பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள், சொந்த ஊரில் என்ன வேலை என்று கேட்டால் கோர்ட்டில் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். சம்மன் கொண்டு போகிற வேலை என்று தலைநிமிர்ந்து சொல்லும்படி நாம் அந்த வேலையை மதிக்கவில்லை, அதுதான் விஷயம்.

பத்திரிகை நினைத்தால் இது மாறும் என்பதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. 2022ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் முதன்முதலாக ஒரு பெண் டபேதாராக வந்தபோது தமிழ், ஆங்கிலம் என்று எல்லாப் பத்திரிகையும் எழுதின. நீதிபதிக்கு முன்னால் செங்கோல் பிடித்து நடக்கிற அந்த வேலை என்னவென்று அதற்கு முன் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தச் செய்தியை எங்கள் நீதிமன்ற அலுவலக உதவியாளர் ஒரு பெண் செல்போனில் வைத்துக்கொண்டு எல்லாரிடமும் காட்டினார். அவருக்கு அன்றைக்கு முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் சம்பளத் தேதியில் கூடப் பார்த்ததில்லை.

உங்களுக்கு இதில் பெரிய செலவோ சிரமமோ இல்லை. தமிழ்நாட்டில் ஓய்வு வயது 60, ஓய்வு பெறுவது மாதக் கடைசி நாளில், ஆக யார் எப்போது ஓய்வு பெறுகிறார் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். பெயர், பார்த்த வேலை, எந்தெந்த ஊர் நீதிமன்றங்களில் இருந்தார், கூட வேலை பார்த்தவர் சொல்லும் ஒரு நல்ல காரியம், ஒரு படம். படம் எடுப்பதற்கும் பெயர் போடுவதற்கும் சம்பந்தப்பட்டவர் சம்மதத்தையும், நீதிமன்ற வளாகத்துக்குள் என்றால் நீதிபதியின் அனுமதியையும் கேட்டுக்கொள்ள வேண்டும், அதை நாங்களே கேட்டு வாங்கித் தருகிறோம். திருவாடானை, பரமக்குடி, முதுகுளத்தூர், ராமேஸ்வரம் என்று எல்லா ஊர்க் குமாஸ்தாக்களும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள்தான், மாதத்தின் மூன்றாவது வாரமே விவரங்களைச் சேர்த்து உங்கள் ராமநாதபுரம் நிருபரிடம் கொடுக்க நான் பொறுப்பு எடுத்துக்கொள்கிறேன்.

வருகிற மாதக் கடைசியில் எங்கள் நீதிமன்ற டபேதார் ஓய்வு பெறுகிறார், மேலே சொன்னேனே, அந்த மூன்றாவது அழைப்பை நீட்டிக் கூப்பிடுபவர், அவர்தான். நிருபரை அனுப்புங்கள். கோர்ட் எழுந்து, கட்டுகளை எல்லாம் உள்ளே வைத்து முடிக்க ஐந்தே முக்கால் ஆகிவிடும், அதற்கு மேல் வந்தால் அவரோடு உட்கார்ந்து பேசலாம்.

இப்படிக்கு,
வக்கீல் குமாஸ்தா ஒருவர்,
ராமநாதபுரம் மாவட்டம்.